தவணை கேட்டவன்

"அது இப்ப எங்கிட்ட இல்லங்க."

என் மனைவி ஒரு ராத்திரி சொன்ன நாலு வார்த்தை இது. சண்டையின் நடுவில் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். ஐந்து வருஷம் ஆகப்போகிறது. சபையில் யாருடைய கல்யாண ஆராதனைக்குப் போனாலும், போதகர் எபேசியர் 5-ஆம் அதிகாரத்தைத் திறக்கும்போது இந்த நாலு வார்த்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்று இதற்கு முன் மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் கடைசியில் நான் நல்லவனாகத் தெரிகிற மாதிரி கட்டுரை திரும்பிப்போனது, அழித்துவிட்டேன். இது நாலாவது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய நண்பன் ஒருவனுடைய தொழில் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். அவள் வேண்டாம் என்றால் அது சரியாகத்தான் இருக்கும். சரி என்று தெரிந்த பிறகு நண்பன் முகத்தில் எப்படி விழிப்பது? இவ்வளவையும் ஒரே நொடியில் யோசித்துத்தான் பேனாவை எடுத்தேன். நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் சிநேகிதனுக்காகப் பிணைப்படுகிறவனைப் பார்த்து, வேடன் கைக்குத் தப்பும் வெளிமானைப்போல ஓடித் தப்பிக்கொள் என்கிறது. சிறுவயதில் வசனப் போட்டிக்காக அந்த அதிகாரத்தை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான். வசனம் நாக்கில் இருந்தது, கை தன் வேலையைச் செய்தது. பொய் எதுவும் சொல்லவில்லையே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று மனதுக்குள் ஒரு சமாதானம் வேறு. யாரும் கேட்காத கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில் நான் கெட்டிக்காரன்.

தொழில் படுத்தது. நண்பன் முதலில் தவணை கட்டுவதை நிறுத்தினான், பிறகு போனை எடுப்பதை நிறுத்தினான். வங்கி என்னைத் தேடியது. ஏழு மாதம் சம்பளத்திலிருந்து ரகசியமாகக் கட்டினேன். அதற்குமேல் முடியாமல் ஒரு வைப்புத்தொகையில் கைவைத்தேன். அது அவள் பாதியில் விட்ட படிப்பை முடிப்பதற்காக வருஷக்கணக்காகச் சேர்த்தது. இதையும் சொல்லவில்லை. நான் வெளியூரில் இருந்த ஒரு நாள் பதிவுத் தபால் ஒன்று வந்தது. "ஜாமீன்தாரர்" என்று போட்டு என் பெயர். கையெழுத்திட்டு வாங்கியவள் அவள். நான் திரும்பி வந்தபோது அந்தக் கடிதம் பிரித்து, படித்து, பழைய மடிப்பிலேயே மடித்து, மேஜைமேல் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருந்தது. அந்தக் கூட்டை எடுக்கும்போது என் கை நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நாலு நாள் தேவையான வார்த்தைகள் மட்டும் பேசினாள். சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியக்கடவது என்று வசனம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த வாரம் நாலு சூரியன் அஸ்தமித்தது. ஐந்தாவது நாள் காலையில், நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று சொன்னாள். "மன்னிச்சிட்டேன். ஆனா இனிமே எல்லாக் கணக்கும் ரெண்டு பேருக்கும் தெரியணும்."

"மன்னிச்சிட்டேங்கிற, அப்புறம் என்ன நிபந்தனை?" என்று கேட்டேன். இப்படிக் கேட்கிற தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"மன்னிச்சதனாலதான் கேக்குறேன். இல்லேன்னா உங்க கணக்கு உங்களுக்கு, என் கணக்கு எனக்குன்னு போயிருப்பேன்."

அதோடு முடிந்தது. அவளுக்கு முடிந்தது என்று சொல்லவேண்டும். எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

மாதிரிக் கணவன்

அடுத்த எட்டு மாதம் என்னைப் பார்த்திருந்தால் நீங்கள் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருப்பீர்கள். அவளுக்கு முன்னால் எழுந்தேன். பாத்திரம் துலக்கினேன், துணி இஸ்திரி போட்டேன், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தேன். குடும்ப ஜெபத்தை ஒரு நாளும் தவறவிடவில்லை. அவள் பேசும்போது போனைக் கவிழ்த்து வைத்தேன். இதெல்லாம் மனந்திரும்புதலின் கனி என்றுதான் நானே நம்பினேன். ஆனால் ஒவ்வொரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும்போதும் கண் ஓரமாக அவளைப் பார்த்தேன். கவனித்தாளா? கவனித்தால் உள்ளே ஒரு கட்டம் நிரம்பியது. கவனிக்காத நாளில் எரிச்சல் வந்தது. ஒரு நாள் அவளே கேட்டாள், "எதுக்கு இப்படி ஓடி ஓடி செய்றீங்க? பாக்கவே மூச்சு வாங்குது." நான் சிரித்துச் சமாளித்தேன். உண்மையான பதில், நான் தவணை கட்டிக்கொண்டிருந்தேன் என்பது. வங்கிக்கு மாதத்துக்கு ஒரு தவணை, அவளுக்குத் தினமும் ஒன்று.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பாத்திரம் துலக்குவதில் தவறொன்றும் இல்லை. பல வருஷத்துக்கு முன்பே செய்திருக்கவேண்டியதுதான். என் கஷ்டம் வேறு. ஒரு மனுஷி எனக்கு இலவசமாக ஒன்றைத் தந்துவிட்டாள், அதை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவளுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் உயரம் குறைந்த மாதிரி இருந்தது. மன்னிப்பது எனக்கு எப்போதும் சுலபம். மன்னிக்கிறவன் மேடைமேல் நிற்கிறான், அங்கே காற்று நன்றாக வரும். மன்னிக்கப்படுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. கூடப் படுத்து, கூட எழுந்து, ஒரே கண்ணாடியில் தலைவாரும் ஒருத்தியிடம் கடனாளியாக இருப்பது எனக்குத் தாங்கவில்லை. தூரத்தில் இருக்கும் ஆண்டவரிடம் பாவி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

எட்டாவது மாதம் ஒன்று நடந்தது. வண்டியின் காப்பீட்டைப் புதுப்பிக்கிற பொறுப்பு அவளுடையது. மறந்துபோனாள், தேதி தாண்டிவிட்டது. பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, கொஞ்சம் அலைச்சல், கொஞ்சம் அதிகப்படிச் செலவு. காகிதத்தைப் பார்த்த அந்த நொடியில் எனக்குள் ஏதோ எழுந்து நின்றது. வெட்கத்தோடு சொல்கிறேன், அது சந்தோஷம். கடைசியில் அவள் பக்கமும் ஒரு வரி விழுந்துவிட்டது! ஒரு நொடிதான். உடனே அது கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டது.

அவள் விளக்குக்குக் கீழே உட்கார்ந்து சின்னவனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே பேசினேன். பொறுப்பின்மை, அலட்சியம், ஒரு வேலையை ஒப்படைக்க முடியவில்லை, இதே நான் செய்திருந்தால், இப்படிப் போனது. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. அவள் நாலு துளையிலும் நூலைக் கோத்து முடித்து, பொத்தானுக்கு அடியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள். பொத்தானை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். அந்த அமைதி எனக்கு வேறு மாதிரிப் பட்டது. இவள் குண்டைத் தயார் செய்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு முன்னால் நானே வெடித்தேன். "இப்ப நீ அந்த ஜாமீன் விஷயத்தை எடுக்கப்போற. எடு. சொல்லிடு. அதைத்தானே மனசுல வெச்சிருக்க?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். "அது இப்ப எங்கிட்ட இல்லங்க." கொஞ்சம் நிறுத்தி, ஊசியைப் பெட்டியில் குத்திவிட்டு, "உங்ககிட்டதான் இன்னும் இருக்கும்போல" என்றாள்.

அவன் கேட்டது வேறு

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மத்தேயு 18-ஐத் திறந்தேன். ஒரு குழந்தையைக் கூடக் கேட்டால் சொல்லிவிடும் கதை. 10,000 தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன், மன்னித்த ராஜா, வெளியே வந்ததும் 100 வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரித்தவன். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், ஞாயிறு பள்ளியில் நானே நடத்தியுமிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வரியில் கண் நின்றது. அந்த ஊழியக்காரன் ராஜாவிடம் என்ன கேட்டான்? "ஆண்டவனே! என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்."

அவன் மன்னிப்புக் கேட்கவே இல்லை. தவணை கேட்டான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்துக்காரன் வேலையாட்களோடு நாளுக்கு ஒரு பணம் என்று பேசுகிறானே, அந்தப் பணம்தான். அப்படியானால் 10,000 தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்து, ஒரு காசுகூடத் தின்னாமல் அப்படியே கட்டினாலும் 2 லட்சம் வருஷம் ஆகும். அதைத்தான் "எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான், கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் போதுமாம். ராஜா அந்தத் திட்டத்துக்குப் பதிலே சொல்லவில்லை. மனதிரங்கி, விடுதலைபண்ணி, கடனையும் மன்னித்துவிட்டான். கேட்டது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. ஆனால் அவன் காதில் எது விழுந்தது? அவன் நடந்துகொண்டதைப் பார்த்தால் தவணை கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வெளியே வந்தவன்போல இருக்கிறது. "புறப்பட்டுப்போகையில்" என்கிறது வசனம். வாசலைத் தாண்டும்போதே வசூல் ஆரம்பமாகிவிட்டது. கட்டவேண்டியவன்தானே வசூலிப்பான்? இனி கட்டவேண்டியதே இல்லை என்று உண்மையாக நம்பியவனுக்கு அந்த 100 பணம் அவ்வளவு அவசரமாக எதற்கு?

இதுவரை அவனை நன்றிகெட்டவன் என்றுதான் படித்திருந்தேன், அப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். இது வேதபண்டிதர்கள் ஒப்புக்கொள்ளும் விளக்கமா என்பதில் எனக்கு அக்கறையில்லை. அன்றைக்கு அந்த ஆள் என் சட்டையைப் போட்டிருந்தான். எட்டு மாதமாக அவளிடம் நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததும் இதையேதான். பொறுமையாயிரு, எல்லாவற்றையும் உனக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன். கொடுத்து முடித்துவிட்டு நிமிர்ந்து நிற்கவேண்டும். அதற்கு நடுவில் அவளிடமிருந்து ஏதாவது வரவேண்டியிருந்தால் விடக்கூடாது.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். 100 வெள்ளிப்பணம் அற்பத் தொகை கிடையாது. மூன்று மாதத்துக்குமேல் ஒரு ஏழையின் உழைப்பு. "உன் மனைவி, உன் புருஷன் செய்தது தூசு, ஆண்டவர் உனக்கு மன்னித்ததை நினை" என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இயேசு அந்தத் தொகையை ஒரு பணம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் படுகிற கடன் நிஜமான கடன், வலிக்கிற கடன். அதை 6 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான் கதை சொல்வது. அவளுடைய படிப்பு தள்ளிப்போனது நிஜம். நான் எத்தனை பாத்திரம் துலக்கினாலும் அந்த வருஷங்கள் திரும்பி வராது. மன்னித்தவள் அந்தத் தொகையைத் தன் கையிலிருந்து போட்டாள். கடன் தள்ளுபடி என்றால் கடன் மாயமாவதில்லை. கொடுத்தவன் தலையில் அது இறங்குகிறது. சிலுவையைப் பற்றி நாற்பது வருஷமாகக் கேட்டதில் எனக்குப் புரியாத இந்த ஒரு விஷயம், போடாமல் போன ஒரு கல்லூரி விண்ணப்பத்தில் புரிந்தது.

விடுவது

பிறகு ஒரு நாள் கேட்டேன், எப்படி உன்னால் முடிந்தது என்று. அவள் சாட்சி சொல்கிற குரலில் பேசமாட்டாள், அது அவள் சுபாவமில்லை. "முடியல. அந்த நாலு நாள் மன்னிக்கணும்னு தோணவே இல்ல. எங்கிட்ட குடுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு ஆண்டவர்கிட்ட சொன்னேன். நீர் குடுத்தா வாங்கி அவருக்குக் குடுக்கிறேன், இல்லேன்னா இல்லன்னு சொன்னேன். சண்டைதான் போட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒரே தடவைதான்னு நெனச்சீங்களா? அட்மிஷன் ஆரம்பிக்கிற ஒவ்வொரு தடவையும் வரும். மறுபடி முதல்லேர்ந்து" என்றாள்.

எத்தனை முறை மன்னிக்கவேண்டும் என்று பேதுரு கேட்டதற்கு இயேசு சொன்ன ஏழெழுபதுதரமட்டும் என்பதை நான் 490 தனித்தனிக் குற்றம் என்றே நினைத்திருந்தேன். ஒரே குற்றத்துக்காக 490 முறை என்று யோசித்ததில்லை. இந்த எண்ணுக்கு ஒரு முன்கதை உண்டு. ஆதியாகமம் 4-ல் லாமேக்கு தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றேன் என்று பெருமையடித்து, "லாமேக்குக்காக எழுபத்தேழு பழி சுமரும்" என்கிறான். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் வருகிற அதே சொற்றொடர்தான் மத்தேயு 18-லும் வருகிறது; அதை எழுபத்தேழு என்றும் படிக்கலாம், ஏழெழுபது என்றும் படிக்கலாம். லாமேக்கின் பழிக்கணக்கை இயேசு அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுகிறார். எனக்கு உறுத்துவது லாமேக்கு அதை யாரிடம் சொன்னான் என்பது. போர்க்களத்தில் சொல்லவில்லை, "ஆதாளே, சில்லாளே" என்று தன் மனைவிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னான். பழி எண்ணுகிற வழக்கம் முதலில் பாட்டாக ஒலித்தது வீட்டுக்குள்தான்.

தமிழில் நாம் மன்னித்தேன் என்று பெரும்பாலும் சொல்வதில்லை, மன்னித்துவிட்டேன் என்கிறோம். பேச்சில் அந்த "விட்டேன்" வெறும் ஒட்டாகிப் போய்விட்டது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் மன்னிப்புக்கு அதிகமாக வருகிற வினைச்சொல்லின் அர்த்தமே விடுவதுதான். பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டுப் பின்சென்றார்கள் என்கிற இடத்தில் இருப்பதும் அதே சொல். என் கல்யாண வாழ்க்கையில் நான் நிறைய மன்னித்திருக்கிறேன், விட்டது குறைவு. மன்னித்து, மடித்து, தேதி போட்டு, உள்ளே வைத்திருந்தேன். 1 கொரிந்தியர் 13-ல் அன்பு "தீங்கு நினையாது" என்று படிக்கிறோமே, அங்கே மூலத்தில் இருப்பது கணக்கெழுதுகிறவர்களின் சொல். பேரேட்டில் பற்று வைப்பது. அதே பவுல் ரோமர் 4-ல், "எவனுடைய பாவத்தைக் கர்த்தர் எண்ணாதிருக்கிறாரோ" என்று சங்கீதத்தை எடுத்துச் சொல்லும்போதும் அதே சொல்லைத்தான் போடுகிறார். கர்த்தர் என் பேரில் எழுதாத பேரேட்டை நான் அவள் பேரில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை நினைத்துக்கொள்வேன். 1738 மே 24 மாலை லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில் தன் இருதயம் அனலானதையும், என் பாவங்களையும் அவர் நீக்கினார் என்ற நிச்சயம் வந்ததையும் எழுதியவர். அதற்குப்பின் ஆயுள் முழுக்கக் குதிரைமேல் கிருபையைச் சுமந்து திரிந்தார். 1751-ல் மேரி வசைல் என்ற விதவையை மணந்தார். அந்த வீடு நரகமாயிற்று. தவறு யார் பக்கம் அதிகம் என்று பேச எனக்குத் தகுதியில்லை, இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது. 1771 ஜனவரியில் அவள் பிரிந்து போனபோது வெஸ்லி நாட்குறிப்பில் லத்தீனில் எழுதினார்: நான் அவளை விட்டுவிடவில்லை, நான் அவளை அனுப்பிவிடவில்லை, நான் அவளைத் திரும்ப அழைக்கப்போவதில்லை. லத்தீனில் மூன்று வாக்கியத்திலும் முதலில் நிற்பது "இல்லை" என்ற சொல். 1781-ல் மேரி இறந்தாள். வெஸ்லிக்குச் செய்தி தெரியவந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கிருபையைப் பற்றித் தெரிந்திருப்பது வீட்டு வாசற்படியைத் தானாகத் தாண்டி உள்ளே வராது என்பதற்கு இவ்வளவு பெரிய மனிதர் எனக்குத் துணையாக இருக்கிறார், அதில் ஒரு ஆறுதல்.

இதற்கு நேரெதிராக, கல்யாணமே ஆகாத ஒருவர் எழுதியது. ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1943 ஏப்ரலில் கைதானார்; அதற்குச் சில மாதம் முன்புதான் அவருக்கு நிச்சயமாகியிருந்தது. மே மாதம் பெர்லின் டேகல் சிறையிலிருந்து தன் நண்பர் எபெர்ஹார்ட் பேத்கேயின் கல்யாணத்துக்காக ஒரு பிரசங்கம் எழுதினார். உங்கள் அன்பு கல்யாணத்தைத் தாங்காது, இனி கல்யாணம்தான் உங்கள் அன்பைத் தாங்கும் என்று அதில் ஒரு இடம் வரும், அதைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு: பாவமன்னிப்புக்குள் சேர்ந்து வாழுங்கள் என்கிறார் அவர். ஒருவரையொருவர் மன்னியுங்கள் என்பதோடு நிற்கவில்லை. மன்னிப்பு அங்கே ஒரு வீடு. ஏற்கெனவே கட்டிக் கூரை போட்டிருக்கிறது, இரண்டு பேரும் உள்ளே போய்க் குடியிருக்கவேண்டியதுதான். போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். அடி வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் "ஏழெழுபதுதரம்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்தக் கட்டுரை கிடைக்கக்கூடாது. இந்த உவமை இருக்கிற அதே மத்தேயு 18-ல், கொஞ்சம் மேலே, குற்றம் செய்தவனிடம் தனித்துப் போய் உணர்த்து, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதையும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று இருக்கிறது. இன்னும் மேலே, சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவது நலம் என்று இருக்கிறது. அந்த வசனங்களைத் தாண்டி நேரே 22-க்குக் குதிக்கிற ஆலோசகரை நம்பாதீர்கள். மன்னித்துவிட்டே கதவைப் பூட்டிக்கொள்ளலாம். மன்னித்துவிட்டே காவல் நிலையத்துக்கும் போகலாம். என் மனைவி மன்னித்த அதே மூச்சில் கணக்கைக் காட்டு என்றாள். அன்றைக்கு அது எனக்கு அவமானமாக இருந்தது. அந்த நிபந்தனை இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னொரு கையெழுத்துப் போட்டிருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

ஏதேனில் நடந்ததும் ஒரு குடும்பச் சண்டைதான். "என் எலும்பில் எலும்பு" என்று பாடினவன், மாட்டிக்கொண்டதும் "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீ" என்கிறான். ஒரே வாக்கியத்தில் மனைவி மேலும் ஒரு குற்றம், தேவன் மேலும் ஒரு குற்றம். தன் பங்குக்கு "புசித்தேன்" என்று கடைசியில் ஒரே ஒரு சொல். அதுவரை அவளுக்குப் பெயரே இல்லை என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. தீர்ப்பு முழுவதும் சொல்லி முடிந்த பிறகு, முள்ளும் குருக்கும் மண்ணும் வேர்வையும் என்றெல்லாம் கேட்ட பிறகு, அடுத்த வசனத்தில் ஆதாம் தன் மனைவிக்குப் பெயர் வைக்கிறான். ஏவாள், ஜீவனுள்ளோருக்கெல்லாம் தாயானவள். மரணம் உன்னால் வந்தது என்று அவளைச் சுட்டிக்காட்டிய அதே வாய். நடுவில் அவனுக்கு என்ன நடந்தது என்று வேதம் சொல்லவில்லை. அதற்கும் அடுத்த வசனத்தில் தேவன் இரண்டு பேருக்கும் தோல் உடைகளை உண்டாக்கி உடுத்துகிறார். இரண்டு பேரும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இலைகளைத் தைத்துக்கொண்டிருந்த ஆள் அதை எப்படி வாங்கிக்கொண்டான், கூச்சப்பட்டானா, பதிலுக்கு ஏதாவது செய்கிறேன் என்றானா?

காப்பீட்டுச் சண்டைக்கு மறுநாள் காலையில் நான் அவளிடம் போய், "எனக்கு அதை வாங்கிக்கத் தெரியல" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி பாத்திரம் துலக்கும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசை. பார்த்தேன். ஆனால் ஒரு முறைதான்.

வங்கிக் கடன் போன வருஷம் முடிந்தது. கடன் தீர்ந்ததென்று ஒரு சான்றிதழ் வந்தது, முத்திரையெல்லாம் வைத்து. பல வருஷம் காத்திருந்த காகிதம். அவளிடம் நானே கொடுக்கவேண்டும், அப்போது என்ன சொல்லவேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கொடுத்தேன். அவள் அப்போது போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். தலையாட்டி வாங்கி, கண்ணாடி போடாமல் ஒரு பார்வை பார்த்து, மேஜையில் கவிழ்த்து வைத்து, போனில் எதிர்ப்பக்கம் சொல்லச் சொல்ல அதன் பின்பக்கத்தில் ஒரு எண்ணை எழுத ஆரம்பித்தாள். ஏய், அது முக்கியமான காகிதம் என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் ஏழாவது இலக்கத்தில் இருந்தாள். எழுதி முடிக்கட்டும் என்று நின்றேன்.